தீட்டிய குதிரைவாலி

அப்பாவின் வலது கால் போன கதையை எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் அதில் நான் வருவதில்லை. மூக்கம்மாள் சித்தி வருவாள். குதிரைவாலி வரும். கிதிர் முகம்மது டாக்டர்கூட ஒரு வரி வந்துபோவார். என்னை விட்டுவிட்டுச் சொல்வது எல்லோருக்கும் எளிதாக இருந்தது. எனக்கும்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சயன்ஸ் வாத்தியார். அப்பா ஆவுடைநாயகம் பிள்ளைக்குச் சிற்றாற்றுப் பாசனத்தில் இரண்டு போகம் விளையும் வயல். ஆனிச் சாரலில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனவர் வழுக்கி, வலது கால் பெருவிரலைப் பாறையில் இடித்துக்கொண்டு வந்தார். சுண்டைக்காய் அளவுக் காயம். மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டார்கள், வேப்பெண்ணெய் தடவினார்கள். இருபது நாளாகியும் ஆறவில்லை. ஓரம் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரை வீட்டுக்குக் கூப்பிட்டோம்.

அவர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மூத்திரத்தைக் கேட்டார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"வாத்தியாரே, உங்களுக்கு நான் விளக்கஞ் சொல்லணுமா?" என்றார்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். சர்க்கரை வியாதி.

ஊசி போட்டுக்கொள்ள அப்பா சம்மதிக்கவில்லை. "இன்னைக்கு ஆரம்பிச்சா சாகுத அன்னைக்கும் போடணுங்கான். நான் என்ன குத்தம் செஞ்சேன்?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் என்னை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"அப்பச் சாப்பாட்டுலதான் புடிக்கணும். நெல்லுச் சோறு ஒரு பருக்கை கூடாது. கம்பு, குதிரைவாலி, சாமை, எதுனாலும் சரி. உமி போனாப் போதும், தவிடு போகக்கூடாது. தவிடு போச்சுன்னா அதுவும் அரிசிதான். வேளைக்கு ஒரு உழக்குச் சோறு, அதுக்கு மேல ஒரு கை கூடாது. தினமும் காலையில நீங்களே குழாயில பாத்து நிறத்தை எழுதி வைங்க, வாரா வாரம் எனக்குக் காட்டுங்க. ஆவணி பொறக்குத வரைக்கும் பாக்கேன். புண்ணு ஆறலைன்னா திருநெல்வேலிக்குத்தான். வெரலோட நிக்குமா முட்டு வரைக்கும் போகுமான்னு என்னால சொல்ல முடியாது."

இதையெல்லாம் கேட்டவன் நான் ஒருவன்தான்.

எங்கள் வீட்டில் யாருக்கும் கம்பு சமைக்கத் தெரியாது. அம்மா அதை ஒரு பெருமையாகத்தான் சொன்னாள். "நான் பொறந்த வீட்லயும் நெல்லு, வாக்கப்பட்ட வீட்லயும் நெல்லு. புஞ்சத் தவசத்துக்கு நான் எங்கன போவேன்?" பிறகு அவளுக்கே மூக்கம்மாள் சித்தியின் நினைவு வந்தது. அம்மாவின் சின்னம்மா மகள். திருவேங்கடத்துப் பக்கம் கரிசல் காட்டில் கொடுத்திருந்தார்கள். புருஷன் செத்து ஆறு வருஷம். பேராச்சி என்று இருபது வயதில் ஒரு மகள். அந்தப் பெண்ணுக்குச் சிவகிரியில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா அய்யாக்குட்டி அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். தகப்பன் இல்லாத பெண், சபையில் எடுத்துப் பேச யார் இருக்கிறார்கள் என்று அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

சித்தி வந்து இறங்கிய அன்றே அப்பா சொன்னார்: "மூக்கம்மா, ஒரு மாசம் இருந்து எனக்குப் பொங்கிப் போடு. கால் ஆறி எந்திரிச்சதும் நானே சிவகிரிக்குப் போய் வெத்தலை மாத்திட்டு வாரேன். எம் பேச்சை அய்யாக்குட்டி தட்ட மாட்டான்."

"அது போதும் அத்தான்" என்றாள் சித்தி. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள். அவள் கொண்டுவந்த கம்பு மூட்டையும் குதிரைவாலி மூட்டையும் அவளுடைய துணி மூட்டையைவிடப் பெரியவை.

முதலில் கம்பு. விடியும்போதே உரலில் உலக்கை விழும் சத்தம் கேட்கும். தண்ணீர் தெளித்துக் குத்தி, சுளகில் புடைத்து உமியைத் தள்ளிவிட்டு, தவிட்டோடு உடைத்துப் பொங்குவாள். மோரும் சின்ன வெங்காயமும், ஒரு கீரை, அவரைக்காய். உழக்கில் அளந்து வைப்பாள். டாக்டர் சொன்னதை நான் சொல்லியிருந்தேன்; அதை ஒரு எழுத்து பிசகாமல் செய்தாள்.

அப்பா முதல் வாய் உருண்டையைத் தட்டிலேயே துப்பினார். "ஏட்டி முத்துவடிவு! மாட்டுக்கு வைக்கதை எனக்கு வச்சிருக்கியா?" என்று அம்மாவைக் கத்தினார். சித்தியிடம் நேராகக் கத்த மாட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ என்ன செய்வா, அவ ஊர்ல இதுதான சோறு" என்றாள். சித்தி அதையும் கேட்டுக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

ஆனால் தின்றார். வேறு வழியில்லாமல் தின்றார். எட்டாம் நாள் குழாயில் செங்கல் நிறம் போய் மஞ்சள் வந்தது. பன்னிரண்டாம் நாள் பச்சை. காயத்தின் ஓரத்தில் கறுப்பு விலகி ஒரு சிவப்பு தெரிந்தது. நோட்டைப் பார்த்து டாக்டர் என் முதுகில் தட்டினார். வீட்டில் வந்து சொன்னபோது சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த வாரம் அய்யாக்குட்டி மாமா சீசனுக்கு வந்தார். மெயின் அருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு, பசியோடு வீட்டுக்குள் நுழைந்தார். அவருக்கு இலையில் நெல்லுச் சோறும் பருப்பும் நெய்யும். பக்கத்தில் அப்பாவின் தட்டில் சாம்பல் நிறத்தில் கம்பு.

"என்ன அண்ணாச்சி, ஆத்துல தண்ணி வத்திப் போச்சா? இல்ல வயலை எவனும் எழுதி வாங்கிட்டானா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "எங்க வீட்ல உழுதவனுக்குக்கூட இப்பம் நெல்லுக் கஞ்சிதான் ஊத்துதோம்."

அப்பா வியாதியைச் சொல்லவில்லை. கால் கட்டைக்கூட வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். "சும்மா, வாய்க்கு ஒரு மாத்தம் வே" என்றார். சாயங்காலம் அம்மாவிடம் நெல்லுச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று தடவை போட்டுக்கொண்டார். மறுநாள் குழாயில் ஆரஞ்சு.

நான் அடுக்களைக்குப் போனேன். அதுவரை அந்த வாசலைத் தாண்டி நான் பேசியதில்லை. சித்தி குதிரைவாலியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தவிட்டோடு பழுப்பாக இருந்தது.

"சித்தி, இதைக் கொஞ்சம் வெள்ளையாக்க முடியாதா? பாக்க அரிசிச் சோறு மாதிரி இருந்தா அப்பா சாப்பிட்டுருவாரு."

"தீட்டினா வெள்ளையாயிரும்" என்றாள். "ஆனா தவிடு போயிருமே ஐயா. டாக்டர் தவிடு வேணும்னாருல்லா?"

"அது பரவால்ல சித்தி. அப்பா நெல்லுச் சோத்துக்குப் போயிட்டாருன்னா மொத்தமும் போச்சு. இது குதிரைவாலிதான, அரிசி இல்லையே."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "எங்க ஊர்ல மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வரும்போது மட்டுந்தான் மூணு தடவ தீட்டுவோம். நீ படிச்சவன். நீ சொன்னாச் சரி" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பரவாயில்லை என்றேன். அப்பா சத்தம் போடாத ஒரு மத்தியானம் வேண்டும் என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. அந்த வீட்டில் அவர் சத்தத்துக்குப் பயந்து நான் செய்த காரியங்களை அடுக்கினால் அது என் வாழ்க்கை வரலாறு ஆகிவிடும்.

மூன்று தடவை தீட்டிய குதிரைவாலியை வடித்துக் கொட்டியபோது அம்மாவே ஏமாந்தாள். பொடி அரிசி என்றுதான் நினைத்தாள். அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். குழம்பு ஊற்றிப் பிசைந்தார். "இது மனுசன் திங்கது" என்றார். இரண்டாம் தடவை கேட்டார். சித்தி உழக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வை மூக்கம்மா, என்னத்த யோசிக்கே! வியாதிக்குச் சொன்ன சோறுதான, கூடத் தின்னா கூடக் கேக்கும்" என்றார் அப்பா. அவள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவே ஆள் விட்டு அய்யாக்குட்டி மாமாவைச் சாப்பிட வரச்சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே சோறு. மாமா ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. "என்ன நெல்லு அண்ணாச்சி இது? சீரகச் சம்பாவா? இவ்வளவு பொடிசா வடிச்சு நான் பாத்ததில்லை" என்றார். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். காரணத்தைச் சொல்லவில்லை. "பொங்கினவ யாருன்னு கேளும். நீர் பாத்துவச்சிருக்க பொண்ணோட தாயார்."

மாமா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "தாயோட கை மகளுக்கும் இருக்கும்லா" என்றார். கதவுக்குப் பின்னால் வளையல் இல்லாத அந்தக் கை நிலையைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவளிடம் தீட்ட வேண்டாம் என்று சொல்வது இன்னும் கடினமாயிற்று. அவள் உலக்கையைப் போடும் வேகமே மாறியிருந்தது.

தினமும் காலையில் அப்பா கட்டிலிலிருந்து கேட்பார்: "என்ன நிறம்லே?"

மூன்றாம் நாள் மஞ்சள். ஆறாம் நாள் ஆரஞ்சு. நான் நோட்டில் மஞ்சள் என்றும் ஆரஞ்சு என்றும் சரியாகவே எழுதினேன். வாயால், "பச்சைதான் அப்பா" என்றேன். அவர் முகத்தில் வரும் சிரிப்பு பரீட்சையில் பாஸான பையனுடையது போல இருக்கும். நீல மருந்து பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் புதிதாகச் செய்து கொண்டுவந்தேன். அதிலும் ஆரஞ்சு. பிறகு பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்று டாக்டரிடம் போவதை நிறுத்தினேன். உண்மையில் தாள்களும் இருந்தன.

ஒரு நாள் பின்கட்டில் சித்தி சாப்பிடுவதைப் பார்த்தேன். தீட்டித் தள்ளிய தவிட்டை வறுத்து, உப்புப் போட்டுப் பிசைந்து அடையாகத் தட்டி வைத்திருந்தாள். "தூரப் போட மனசு வரலை" என்றாள், திருடி அகப்பட்டவளைப் போல. என் அப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சாப்பாடு அதுதான். அவள் ஒரு துண்டு பிட்டு எனக்கு நீட்டினாள். நான் வாங்கவில்லை.

ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் தானாகவே வந்தார். கட்டைப் பிரித்ததும் அறையில் நாற்றம் நிறைந்தது. பெருவிரல் முழுக்கக் கறுத்து, கறுப்பு புறங்காலில் ஏறியிருந்தது. டாக்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"மூணு வாரமா மஞ்சளும் ஆரஞ்சும் செவப்பும் எழுதியிருக்கீங்க. ஏன் வரலை?"

"மருந்து பழசாயிட்டோன்னு நெனச்சேன்" என்றேன்.

"அவன் பச்சைன்னுதான டாக்டர் சொன்னான்" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. அது யார் காதிலும் விழவில்லை. டாக்டர் அப்போது அம்மாவிடம் தானியத்தைக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு சுளகில் அள்ளி வந்தாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாரு இதைத் தீட்டச் சொன்னது?"

அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, டாக்டர், கதவருகில் சித்தி, நான். இன்றைக்கும் என்னால் அந்த நேரத்தை அளக்க முடியவில்லை. ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது. டாக்டர் மதிக்கிற ஒரே ஆள் நான் அந்த வீட்டில். சயன்ஸ் படித்தவன். அவர் கண்ணில் அந்த மதிப்பு அவிந்துபோவதைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அதற்கடுத்து அப்பாவின் முகம். சொல்ல வேண்டிய வாக்கியம் மூன்றே வார்த்தைதான். நான்தான் தீட்டச் சொன்னேன். அதைச் சொல்லாமல், அவிழ்த்த கட்டுத் துணியைச் சுருட்டத் தொடங்கினேன்.

"அவதான குத்துதா" என்றாள் அம்மா.

சித்தி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் பேசப்போகிறேன் என்று காத்திருப்பவளாகப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க ஊர்ப் பழக்கம் டாக்டரய்யா. மரியாதைக்குத் தீட்டிட்டேன்" என்றாள்.

"மரியாதை!" என்றார் டாக்டர். கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "நாளைக்கே கொண்டு போங்க."

மறுநாள் காலையில் அப்பாவை வாடகைக் காரில் ஏற்றினார்கள். அதே மத்தியானம் சித்தியையும் அனுப்பிவிட அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் கூடப் போனேன். சங்கரன்கோவில் வண்டி நிற்கும் இடத்தில், வெறும் துணி மூட்டையோடு நின்றாள். மீதித் தானியத்தை எங்கள் வீட்டிலேயே விட்டிருந்தாள்.

"நயினாரு, நான் அங்கன ஒத்துக்கிட்டது எதுக்குன்னா, அந்த நேரத்துல ஒன்னைய உங்கப்பா ஏசினா அவருக்கு உசிரே போயிரும்னு பட்டுது. ஒத்தப் புள்ளைல்லா. கோவம் தணியட்டும். ஒரு வார்த்தை சொல்லிரு. எனக்காக இல்ல. பேராச்சிக்கு வேற ஆள் இல்ல."

"சொல்லுதேன் சித்தி."

"சொல்லிருவேல்ல?"

"சொல்லுதேன்."

திருநெல்வேலியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். புரட்டாசி நடுவில் அப்பா வீட்டுக்கு வந்தார். இப்போது ஊசிக்குச் சம்மதித்தார். சோற்றுக்குச் சம்மதிக்கவில்லை. "காலைத்தான் குடுத்தாச்சே, வாயையும் குடுக்கணுமா?" என்று நெல்லுச் சோறே சாப்பிட்டார். அம்மா போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்ல நாள் பார்த்தேன். காய்ச்சல் விடட்டும் என்றிருந்தேன். கட்டுப் பிரிக்கட்டும் என்றிருந்தேன். அதற்குள் கதை என்னைக் கேட்காமல் வளர்ந்துவிட்டது. முதலில், "பாவம், தெரியாமச் செஞ்சுட்டா." பார்க்க வந்தவர்களில் யாரோ ஒருத்தி, "அவ்வளவு தெரியாதவளா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அப்பாவே, "நல்ல தானியத்தை எனக்குத் தராம தவிட்டை அவ தின்னுருக்கா. பின்கட்டுல அடை தட்டுனதை முத்துவடிவு கண்ணால கண்டிருக்கா" என்று சொல்ல ஆரம்பித்தார். சத்து எல்லாம் தவிட்டில் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. சொன்னது நான்தான். பொதுவாக, பாடம் போலச் சொன்னேன்.

ஐப்பசியில் அய்யாக்குட்டி மாமா துக்கம் கேட்க வந்தார். வெட்டிய காலைப் பார்க்கக் கூசி, சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா கதையை முழுக்கச் சொன்னார். அதுவரை மறைத்த வியாதியையும் சொன்னார், சீரகச் சம்பாவின் குட்டையும் உடைத்தார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. பொய் சொல்பவருடைய கண்ணீர் அல்ல அது. அவர் நம்பினார்.

மாமா தாடையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, நீங்க படிச்சவரு. தெனமும் கூட இருந்து பாத்தவரு. எங்க வீட்டுக்கு ஒரு பொண்ணு வரப்போவுது, அதுக்காகக் கேக்கேன். தாய் மனசறிஞ்சு செஞ்சாளா, அறியாமச் செஞ்சாளா? நீங்க அறியாமன்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும். தை மாசம் முடிச்சிருவேன்."

அவர் உண்மையைக்கூடக் கேட்கவில்லை. அதில் பாதி போதும் என்றார். அறியாமல் என்று சொன்னால், யார் அறிந்தது என்று அடுத்த கேள்வி வரும். வராமலும் போகலாம். ஆனால் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டிக்கப்பட்ட இடத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார்.

"அடுக்களை விவகாரம் எனக்குத் தெரியாது மாமா" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அப்பா பெருமூச்சு விட்டார். "விடும் வே. ஒம்ம வீட்டுப் பயலுக்கா பொண்ணு கெடைக்காது?" அம்மா வந்து இலை போட்டிருப்பதாகச் சொன்னாள்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மாமா புளியங்குடி வழியாகப் போகும் வண்டி எப்போது என்று கேட்டார்.

"மூணே முக்காலுக்கு மாமா. கொஞ்சம் முன்னாலயே போனா உக்கார எடம் கெடைக்கும்" என்றேன்.

அடுத்த வருஷம் பேராச்சியை ராயகிரியில் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மூத்தாளுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அப்பா அதை ஒரு பெரிய குறையாக வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.